இருபத்தைந்தாவது ஃபோல்டர்

மார்க்கையன்கோட்டைப் பிரிவில் வேல்விழியும் ஓவியாவும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி எட்டே முக்கால். ஆனிக் காற்று தொடங்கியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தது. பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு விழவில்லை.

ஓவியா சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"வெயிலுக்குள்ள எதுக்குடி இது?" என்றாள் வேல்விழி.

"குளுருதுக்கா."

"ஐஸ் ரூம்புக்குள்ள உக்காந்து வேலை பாக்குறவ நானு. மாடியில ஃபேனுக்கு அடியில இருக்குறவளுக்குக் குளுருதாக்கும்."

ஓவியா சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே அவள் சரியாகச் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, பழகிவிடும் என்று வேல்விழி நினைத்தாள். அம்மா போனபோது ஓவியாவுக்குப் பதிமூன்று வயது. அதன் பிறகு அல்லிநகரத்து வாடகை வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் வேல்விழிதான்.

அது வாழைக்காய் ஏற்றுமதிக் கம்பெனி. தகரக் கூரைக்கு அடியில் நான்கு குளிர் அறைகள், மேலே மாடியில் ஆபீஸ். பதினோரு வருடமாக அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் வேல்விழி.

மேனேஜர் ஈஸ்வரபாண்டி படியிலேயே நின்றார்.

"ஏம்மா, சாயந்தரத்துக்குள்ள எல்லாரு ஃபோல்டரும் புது சர்வருக்கு வந்துரணும். நாளைக்குக் காலையில காயலாங்கடைக்காரன் பழைய டப்பாவத் தூக்க வர்றான்."

"வந்துரும் சார்."

அந்த ஆபீஸில் யாருடைய வேலையும் அவரவர் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. எல்லாம் கீழே சர்வரில், ஆளுக்கொரு ஃபோல்டரில் இருக்கும். எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் அவரவர் ஃபோல்டர் திறக்கும். இருபத்தைந்து பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் முறைப்படி அந்த ஐடியை அழித்துவிட்டுப் புதியதாக ஒன்று உண்டாக்க வேண்டும். எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அரை நாள் வேலை. வேல்விழி அதைச் செய்வதில்லை. பழைய ஆளின் பெயரை மட்டும் அழித்து, அதே இடத்தில் புது ஆளின் பெயரை அடித்துவிடுவாள். ஐந்து நிமிடம்.

பெயர் மனிதர்களுக்காக. மெஷின் பெயரைப் பார்ப்பதில்லை. பெயருக்கு அடியில் ஒரு நீளமான எண் இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறது. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது. வேல்விழிக்கு இது தெரியும். அதனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று இருந்தாள்.

சர்வர் நான்காம் அறையில் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகாத காய்களை உள்ளூர் மண்டிக்காகப் பழுக்க வைக்கும் அறையாக இருந்தது அது. கனத்த சுவர், கனத்த கதவு, ஜன்னல் கிடையாது. இப்போது ஒரு மேஜை, சர்வர், இன்டர்காம் போன், ஒரு ஏ.சி. வாழைக்காய் அங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கதவை உள்ளிருந்து திறக்கும் பிடி பழுதாகிக் கிடந்தது. வேல்விழி எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

"ஆத்தா, பெட்டி வச்சியா?" என்று கம்ப்ரசர் பக்கமிருந்து சீனிச்சாமியின் குரல் வந்தது. மெக்கானிக். தினமும் கேட்பார்.

"வச்சாச்சுண்ணே."

உள்ளே காற்றின் சத்தம் இல்லை. விசிறி ஓடும் சத்தம் மட்டும்.

ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு இருபத்துநான்கு முடிந்தது. கடைசி ஃபோல்டர் பாதியில் நின்றது.

இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்றது திரை.

அது ஓவியாவின் ஃபோல்டர். இன்டர்காமில் மாடிக்குப் பேசினாள்.

"ஏ புள்ள, எதையாவது தொறந்து போட்டுருக்கியா? மூடு."

"ஒண்ணும் தொறக்கலக்கா. கம்ப்யூட்டரயே நான் இன்னும் போடல."

யார், எந்த மெஷினிலிருந்து திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். பெயர் ஓவியா என்று இருந்தது. மெஷின் இந்த சர்வர். இந்த அறை. இந்த மேஜை.

கோப்பின் பெயர் 'அறை 4'.

அவளுக்கு அந்தக் கோப்பைத் தெரியும். அது முருகம்மாள் எழுதியது. நான்கு அறைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை போய் டிகிரி பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு வந்து, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவது முருகம்மாளின் வேலை. இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில், மத்தியானம் ஒரு மணிக்கு, டிகிரி பார்க்க நான்காம் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பழுக்கிற காய் நிறைந்த அறையில் மனிதருக்குக் காற்று மிஞ்சாது. இரண்டே முக்காலுக்குத் திறந்தபோது உயிர் இல்லை.

அந்தப் புள்ள ஃபோல்டரை அழித்துவிடு என்றார் மேனேஜர். வேல்விழி பெயரை மட்டும் மாற்றினாள். ஆவணியில் அக்கம்மாள் வேலைக்கு வந்தபோது அக்கம்மாள் என்று மாற்றினாள். ஐந்தே மாதத்தில் அக்கம்மாளுக்கு மனது சரியில்லை என்று மயிலாடும்பாறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த நாற்காலி ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஓவியா என்று மாற்றினாள்.

கோப்பைத் திறந்தாள். தேதி, மணி, டிகிரி, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். கீழே கீழே தள்ளினாள். சித்திரையில் அந்தத் தேதி வந்தது.

12:30. 16.

1:00. 16. கதவு சாத்தியிருக்கு.

1:30. 16. கதவு சாத்தியிருக்கு.

2:00. 16. கதவு சாத்தியிருக்கு.

பன்னிரண்டரையோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு மணிக்கு உள்ளே போனவள் கம்ப்யூட்டருக்குத் திரும்பவே இல்லை.

முடியவில்லை. 2:30. 3:00. 3:30. மறுநாள். அதற்கு மறுநாள். அரை மணிக்கு ஒரு வரி, ஒன்றுகூடத் தவறவில்லை. பதினாறு, பதினாறு, பதினாறு. நடுவில் சில வரிகளில் குறிப்பு மாறியிருந்தது.

கதவு தொறந்திருக்கு. கம்ப்யூட்டர் புள்ள வந்துருக்கு.

அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் முருகம்மாள்தான்.

இன்னும் கீழே தள்ளினாள். முந்தின வருடத்துத் தை மாதத்தில் ஒரு வரி. அக்கம்மா வந்துருச்சு. அதற்குப் பிறகு மறுபடி கதவு, கதவு, கதவு. பிறகு இந்த மூன்று வாரத்து வரிகள் வந்தன.

ஓவியா வருது.

ஓவியா வருது.

ஓவியா வருது.

கடைசி வரியில் இன்றைய தேதி. மணி 11:30. ஓவியா கிட்டக்க வந்துருச்சு.

பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது.

வேல்விழி வெளியே வந்தாள். காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. சீனிச்சாமி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கம்மாளுக்கு அன்னைக்கு என்ன ஆச்சு? நான் லீவுல இருந்தேன்."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "மத்தியானம் ஒரு மணி. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாக. நாலாம் ரூம்பு கதவு சாத்திக் கெடந்துச்சு. சந்தேகப்பட்டுத் தொறந்தா, இந்தப் புள்ள இருட்டுக்குள்ள செவத்தப் பாத்து நிக்கிது. கையில அட்ட. அக்கம்மாங்குறேன், தாயிங்குறேன், திரும்பல. எனக்கு என்ன தோணுச்சோ, முருகம்மான்னு ஒரு சத்தம் குடுத்தேன்."

"குடுத்ததும்?"

"என்னண்ணேன்னு திரும்புச்சு."

கம்ப்ரசர் ஓடியது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ மெசினு பாக்குறவ. சிரிப்பன்னு விட்டேன்." வெற்றிலையை மறுபடி எடுத்தார். "பெத்தவ கூப்பிட்டாலும் திரும்பாமத்தான் கெடந்துச்சு, பாவம். இப்ப நல்லாயிருச்சாம். மூணு வாரத்துக்கு முந்தி ஒரு நா காலையில எந்திரிச்சு, ஆத்தா பசிக்குதுன்னுச்சாம். பேரச் சொன்னாத் திரும்புதாம். சாமி கண்ணத் தொறந்துருச்சுங்குறாக."

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை. வேல்விழி அக்கம்மாள் என்ற பெயரை அழித்து ஓவியா என்று அடித்த காலை.

அவள் மாடிக்கு ஓடினாள்.

ஓவியா தன் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிர் மேஜையில் திரிஷா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தெட்டு.

"ஓவியா."

திரும்பவில்லை.

"ஏ ஓவியா."

"காலையிலருந்து இப்படித்தான்க்கா" என்றாள் திரிஷா. "காதுல பஞ்சு வச்சிருக்கா. மாப்பிள்ள கீப்பிள்ள பாத்திருக்கீகளா?"

வேல்விழி பக்கத்தில் போனாள். ஓவியாவின் முன்னால் ஓர் அட்டை. அதில் பேனாவால் பதினாறு, பதினாறு, பதினாறு என்று கீழ்வரை. எழுத்து ஓவியாவுடையது இல்லை. வேல்விழி குனிந்தாள். மெதுவாக, திரிஷாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"முருகம்மா."

ஓவியா நிமிர்ந்தாள். முகம் அவள் முகம்தான்.

"என்ன கம்ப்யூட்டர் புள்ள?"

கடிகார முள் அரைக்கு நகர்ந்தது. ஓவியா அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியை நோக்கி நடந்தாள். வேல்விழி அவள் கையைப் பிடித்தாள். குளிர் அறையில் வைத்த காய் போல இருந்தது கை. முதல் அறை, இரண்டாம் அறை, மூன்றாம் அறை என்று பார்த்துவிட்டு, கடைசியில் நான்காம் அறைக்குப் போவாள். ஒரு மணிக்கு.

"திரிஷா, இங்க வா. இவளப் பிடி."

"என்னாச்சுக்கா?"

"காய்ச்சல். கீழ எறங்க விட்டுறாத. கதவச் சாத்திக்க. நான் போன் பண்றவரைக்கும் கைய விடாத."

திரிஷா இரண்டு கையாலும் பிடித்தாள். ஓவியா திமிறவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் அறை. பெட்டியைக் காலால் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வேல்விழி மேஜைக்கு வந்தாள். 12:37.

கோப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது. 12:30. 16. கைய விடச் சொல்லு.

அவள் படிக்காதது போல அதை மூடினாள். இருபத்தைந்து பெயர்களின் பட்டியலைத் திறந்தாள். ஓவியா. அழி. உறுதியாகவா என்றது. ஆம். பெயர் போனது. மூச்சு விட்டாள். பட்டியல் தானாக ஒருமுறை துடித்தது.

இருபத்தைந்தாவது இடத்தில் ஓவியா இருந்தாள்.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை. நான்காவது முறை.

ஃபோல்டரையே அழித்தாள். வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்றது.

அழிக்காமல் நிறுத்தி வைக்கலாம். யாரும் அதைக்கொண்டு உள்ளே வர முடியாதபடி பூட்டிவிடலாம். பூட்டினாள். இந்தத் தடவை மெஷின் மறுக்கவில்லை.

இன்டர்காம் அடித்தது.

"அக்கா." திரிஷா அழுதாள். "அக்கா, ஓவியா மூச்சு விட மாட்டேங்குறாக்கா. வாயத் தொறந்து தொறந்து மூடுறா. ஒதடெல்லாம் நீலமாப் போகுது."

பூட்டை எடுத்தாள்.

போனில் ஒரு நீண்ட இழுப்பு கேட்டது. இருமல் கேட்டது.

"வந்துருச்சுக்கா. மூச்சு வந்துருச்சு. மேனேஜரக் கூப்பிடவா? ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவமா?"

"கையப் பிடிச்சுக்கிட்டு இரு."

போனை வைத்தாள். 12:49.

அழிக்க முடியாது. பூட்ட முடியாது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பதினோரு வருடமாகச் செய்துவந்த அந்த ஒன்று. பெயரை மாற்றலாம்.

யார் பெயர்?

பட்டியலைப் பார்த்தாள். ஈஸ்வரபாண்டி. கதவுப் பிடியைச் சரிபண்ணுங்கள் என்று சீனிச்சாமி எத்தனை முறை சொல்லியும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றவர். இரண்டு பிள்ளைகள். சின்னதுக்குக் காது குத்து என்று போன வாரம்தான் சாக்லேட் கொடுத்தார். திரிஷா. மேலே ஓவியாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற திரிஷா.

அக்கம்மாள்.

பட்டியலில் இல்லாத பெயர். ஏற்கெனவே அங்கே இருந்தவள். ஒன்றரை வருடம் தாங்கினவள். மயிலாடும்பாறையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நாள் காலையில் சரியானது போல ஒரு நாள் மத்தியானம் கெட்டுவிட்டது என்று அழுவார்கள். வேல்விழி அடித்தாள். அ. க். க. ம்.

ஆத்தா பசிக்குதுன்னுச்சாம்.

விரலை எடுத்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

12:54.

வாசனை கனத்தது. தொண்டைக்குள் இனிப்பாக இறங்கியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால், கழுத்துக்கு மிக அருகில், யாரோ பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். ஒரே பெயரில் இரண்டு ஐடி இருக்க மெஷின் விடாது. பதினோரு வருடத்து வேல்விழியை அழித்தாள். அது போனது. திரும்பி வரவில்லை. இருபத்தைந்தாவது இடத்துக்குப் போனாள். ஓவியா என்பதை அழித்தாள். வேல்விழி என்று அடித்தாள்.

12:58.

பாஸ்வேர்டைப் போட்டு அந்தப் பெயரில் உள்ளே நுழைந்தாள். ஃபோல்டர் திறந்தது. அவளுடைய ஃபோல்டர் போலவே திறந்தது.

இன்டர்காம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா?"

ஓவியாவின் குரல்.

"அக்கா, இந்தத் திரிஷாப் புள்ள எதுக்கு என் கைய இந்த நெரி நெரிக்கிறா? வளையல ஒடச்சுட்டா. எனக்குப் பசிக்குது. மேல வா, சாப்பிடுவம்."

வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெட்டி கதவிடுக்கில் இருந்தது. எழுந்து வெளியே நடந்தாள். மணி ஒன்று அடித்தது. எதுவும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் அவளைத் தொடவில்லை. வெயிலில் கண் கூசியது. சீனிச்சாமி வாளியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் முழுவதும் அவள் அந்த அரை நாள் வேலையைச் செய்தாள். காலியான இடத்தில் ஓவியாவுக்குப் புதிய ஐடி, புதிய எண். ஒவ்வொரு அனுமதியையும் ஒன்று விடாமல் கையால் கொடுத்தாள். இருபத்தைந்தாவது ஃபோல்டர் இப்போது தகராறு செய்யவில்லை. புது சர்வருக்குப் போய்விட்டது. அதன் எண்ணும் கூடவே போனது. ஐந்து மணிக்குப் பழைய சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"முடிஞ்சதாம்மா?" என்றார் மேனேஜர்.

"முடிஞ்சது சார். அந்த ரூம்பு கதவுப் பிடிய நாளைக்குச் சரிபண்ணிருங்க."

"புது சர்வருதான் மாடியில இருக்கே, இனி அங்கன யாரு போகப் போறா?"

"சரிபண்ணிருங்க சார்."

தேனி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஓவியா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். வாய் ஓயவில்லை. திரிஷாவிடம் வளையலுக்குப் பதில் வளையல் வாங்கியே தீருவாளாம். ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போக வேண்டுமாம். அக்கா காசில்.

அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். வாழைத் தோப்புகள் பின்னால் போயின. காற்றில் எல்லா இலைகளும் கிழிந்திருந்தன. இந்தச் சிரிப்புக்காக எதையும் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

லேசாகக் குளிரெடுத்தது.

ஓவியாவின் மடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வீரபாண்டி ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேல்விழி, வேல்விழி அக்கா என்று. முதலில் விளையாட்டாக. பிறகு சத்தமாக. பிறகு அழுகிற குரலில். மிகவும் பக்கத்தில் கேட்டது. பாவம், இத்தனை தரம் கூப்பிடுகிறது, கூப்பிடப்படுகிறவள் ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

மணியைப் பார்த்தாள். ஆறு.

பையில் அட்டையைத் தேடினாள். இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் போதும். பேனாவை எடுத்தாள். தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். எழுத்து கோணியது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ்ஸின் கதவு மூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு மூடிக்கொண்டது.

அவள் அதையும் எழுதினாள்.

6:00. 16. கதவு சாத்தியிருக்கு.